டீ பிரேக்கில் ரெண்டு கட்சி

ஒரகடம் கூட்டுரோட்டில் காதுகுத்துக்குப் பேனர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கண்ணீர் அஞ்சலிக்கு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வார்டு மெம்பரின் பிறந்தநாளுக்கு மேம்பாலத்துத் தூணையே மறைத்து வைத்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஒரு சாஃப்ட்வேருக்குப் பேனர் வைத்த பெருமை செல்போன் கடை பாபுவையே சேரும். 'போர்டுகிங் நான்காம் பதிப்பே வருக! வருக!' என்று மேலே கொட்டை எழுத்து. கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட பதினான்கு தலைகள். நடுவில் பாபு, காதில் போனை வைத்துக்கொண்டு, யாரோ பெரிய மனிதர் கூப்பிட்டுவிட்டதுபோல் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஷேர் ஆட்டோவிலிருந்து அதைப் பார்த்த செந்தாமரைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போர்டுகிங்கை எழுதியவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று பாபுவுக்குத் தெரியாது. ஒரகடம் என்று ஓர் ஊர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ இவன் மார்பில் சந்தனம் பூசிக்கொண்டு நிற்கிறான்.

விஷயம் இதுதான். பாபு ஆறு வருஷத்துக்கு முன்னால் 'டீ பிரேக்' என்று இணையத்தில் ஒரு பேச்சு மன்றம் ஆரம்பித்தான். ஒரகடம், வல்லம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் அதில் எழுதுவார்கள். எந்த கேட்டில் ஆள் எடுக்கிறார்கள், எந்த காண்ட்ராக்டர் லீவு கொடுக்க மாட்டான், எந்த ரூமில் தண்ணீர் வராது, பி ஷிப்ட் பஸ் எத்தனை மணிக்கு. கடைக் கண்ணாடி மேசைக்குக் கீழே ஒரு பழைய கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. மன்றம் முழுக்க அதற்குள்தான். அதை நடத்திய சாஃப்ட்வேர் போர்டுகிங்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் ஆம்பிளைகளாக இருப்பார்கள். ஒரு பெண் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் அவள் நம்பர் இருநூறு பேர் கைக்குப் போகிறது. மறுநாள் காலையிலேயே முகம் தெரியாத ஒருவன் 'ஹாய், சாப்டாச்சா' என்கிறான். டீ பிரேக்கில் ஒரு பட்டப்பெயர் போதும். அதனால்தான் கம்பெனிப் பெண்கள் அங்கே போனார்கள். அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் செந்தாமரை.

வாலாஜாபாத்துப் பக்கத்துக்காரி. கம்பெனிக்குப் போன அப்பாவின் நிலத்தில் இப்போது லாரி நிற்கிறது. அவளுக்கு முப்பத்தாறு வயது, ஒரகடத்தில் லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் வேலை. நான்கு மாடி, எல்லாம் சங்கரன்கோவில், விளாத்திகுளம், ராமநாதபுரம் பக்கத்துப் பெண்கள். டீ பிரேக்கில் சேர ஒரு மெயில் முகவரி கேட்டது. மெயில் முகவரி எல்லார் போனிலும் இருந்தது; போன் விற்ற கடைக்காரன் போட்டுக் கொடுத்தது. அது என்ன என்றுதான் ஒருத்திக்கும் தெரியாது. செந்தாமரை பார்த்தாள், எல்லாருக்கும் தன் முகவரியையே போட்டுவிட்டாள். ஆறு வருஷத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பெண்கள், ஒரே மெயில் முகவரி. போர்டுகிங் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு யார் எத்தனை பேர் என்பதைப் பற்றிக் கவலை கிடையாது.

சேர்த்துவிடும்போது ஒவ்வொருத்தியிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பாள். "தோ பாரு, நீ இன்னா எழுதினாலும் எனக்கு மெயில் வந்துடும். பாத்து எழுது." மன்றத்தில் காதல் வளர்க்காமல் இருக்கட்டும் என்று சொன்னதுதான். மெயில் வந்ததும் உண்மைதான். ஒரு திரெட்டில், அதாவது ஒரே பேச்சுத் தொடரில், பத்துப் பெண்கள் எழுதியிருந்தால், அடுத்து யார் எழுதினாலும் பத்து நகல் வரும், பத்தும் செந்தாமரைக்கு. முதல் மாதம் படித்தாள். இரண்டாம் மாதம் அழித்தாள். மூன்றாம் மாதம் அந்தப் பக்கமே போவதை விட்டுவிட்டாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த மன்றத்தில்தான் அருள்பாண்டி வாயைத் திறந்தான். கோவில்பட்டிக்காரன். கார் சீட் செய்யும் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. போர்டுகிங் கட்டைவண்டி, உலகம் நெக்ஸ்டாக் என்ற புது சாஃப்ட்வேருக்கு மாறிவிட்டது, நாமும் மாறவேண்டும் என்று எழுதினான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பாபு பதில் சொன்னதிலும் தப்பு இல்லை. தப்பு என்னவென்றால் அடுத்த நாள் காலை அது ரெண்டு கட்சியாகிவிட்டது.

'போர்டுகிங்கா, நெக்ஸ்டாக்கா?' என்ற திரெட் நூற்று நாற்பது பக்கம் போயிற்று. ஒவ்வொருவனும் தன் பதிவுக்குக் கீழே 'உயிர் உள்ளவரை போர்டுகிங்' என்றோ 'நாளை நமதே, நெக்ஸ்டாக்' என்றோ நிரந்தரமாக ஒரு வரி போட்டுக்கொண்டான். பைக் நம்பர் பிளேட்டுக்கு மேலே ஸ்டிக்கர் வந்தது. ரூம் காலி இருக்கிறதா என்று கேட்டால் நீ எந்தக் கட்சி என்று முதலில் கேட்டார்கள். புதிதாய் வந்த ஒருவன், பாவம், சுங்குவார்சத்திரத்துக்கு சி ஷிப்ட் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டான். நாற்பத்து மூன்று பதில் வந்தது. ஒன்றில்கூட மணி இல்லை. இவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த சாஃப்ட்வேரின் உள்ளே எது இருக்கிறது, எது இல்லை என்று கேட்டால் முழி பிதுங்கும். அதெல்லாம் விசுவாசத்துக்குத் தேவைப்படவில்லை.

செந்தாமரைதான் பெண்கள் பகுதிக்குப் பொறுப்பு. அவள் எந்தக் கட்சியிலும் சேரவில்லை, ரெண்டு கட்சியையும் கிழித்துக்கொண்டிருந்தாள். 'நெக்ஸ்டாக் வந்தால் கேண்டீன் சாம்பாரில் பருப்பு வருமா?' என்று எழுதினாள். இருநூறு பேர் சிரித்தார்கள். 'போர்டுகிங்குக்கு மொட்டை போடுவதாக பாபு வேண்டியிருக்கிறான், முடிதான் இல்லை' என்று எழுதினாள். முந்நூறு பேர். அதற்குப் பிறகு அவளுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. காலையில் ஷிப்டுக்குப் பெண்களை அனுப்பிவிட்டு உட்கார்ந்தால் அந்த ஒரு திரெட்தான். சில நாள் பத்து, சில நாள் பதினைந்து பதிவு. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, அந்தக் கூத்தாடி இவள்தான். இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்.

செப்டம்பர் இரண்டாம் தேதி ஹாஸ்டலில் இரண்டாம் மாடியில் இருந்த சந்தனமாரிக்குக் கை போயிற்று. சங்கரன்கோவில் பெண், இருபத்திரண்டு வயது. தகடு அமுக்கும் பிரஸ், எட்டாம் நம்பர். கை உள்ளே இருந்தால் இறங்காமல் நிற்கவேண்டிய மெஷின் இறங்கியது. வலது கையில் ரெண்டு விரல். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஊருக்குக் கூட்டிப் போனார்கள். கிளம்பும்போது காண்ட்ராக்டரின் மேனேஜர் புருஷோத்தமன் ஒரு தாளை நீட்டினார். 'என் சொந்த அலட்சியத்தால் நேர்ந்தது' என்று அதில் இருந்தது. அவள் கையெழுத்துப் போடவில்லை. போடுவதற்கு அந்தக் கையும் இல்லை.

ஆயுத பூஜை லீவு முடிந்த வெள்ளிக்கிழமை காலை சந்தனமாரி திரும்பி வந்தாள். கையில் கட்டு, பையில் தொழிலாளர் அலுவலகத்துக் கடிதம். செவ்வாய்க்கிழமை விசாரணை.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல, யாரும் கம்ப்ளைண்டே பண்ணலன்னு எழுதிக் குடுத்துருக்காவக்கா. அலட்சியம்னு ஆயிட்டுன்னா வேலையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நான் எங்க போனாலும் அந்தப் பேருதான் வரும்."

"யார்கிட்டயாவது சொன்னியா நீ?"

"டீ பிரேக்ல எழுதுனேம்லாக்கா. கை போறதுக்கு மூணு வாரம் முன்ன. 'மெஷின் தொல்லை' திரெட்ல."

"அவ்ளோதானே. தேதியோட பிரிண்ட் எடுத்து மூஞ்சில விட்டெறியலாம்" என்றாள் செந்தாமரை. அந்தப் பதிவு அவள் கண்ணில் பட்டதாக ஞாபகம் இல்லை. ஆயிரம் பதிவில் ஒன்று.

போனைத் திறந்தால் டீ பிரேக் இல்லை. அதற்குப் பதில் 'ஒரிஜினல் டீ பிரேக்' என்று ஒன்று இருந்தது, நெக்ஸ்டாக்கில். நடந்தது என்ன என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு பாபு அந்தக் கம்ப்யூட்டரை நிறுத்தி, துடைத்து, பொட்டு வைத்துப் படைப்பான். கம்பெனியில் லேத்துக்கு ஓய்வு கொடுக்கிற மாதிரி. ஒரு நாள் மன்றம் மூடியிருக்கும், மறுநாள் திறக்கும். இந்த வருஷம் கட்சி கௌரவம் சேர்ந்துகொண்டது. எதிர்க்கட்சி பார்த்து வயிறெரியவேண்டும் என்று வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, பெட்டி முழுக்கச் சந்தனத்தை அப்பினான். காற்று போகிற ஓட்டையெல்லாம் சந்தனம். போதாததற்கு மஞ்சள் தண்ணீரையும் தெளித்தான். மறுநாள் சுவிட்சைப் போட்டதும் டப் என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. அத்தோடு அது படுத்துவிட்டது.

அருள்பாண்டி இந்த ஒரு நாளுக்காகவே காத்திருந்தவன். முந்தின நாளே மன்றத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாக நகலெடுத்து வைத்திருந்தான். நட்பாக இருந்த காலத்தில் பாபு கொடுத்த உறுப்பினர் பட்டியலும் கையில் இருந்தது. பாபு கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டிக்கொண்டிருக்கும்போது இவன் புது மன்றத்தைத் திறந்துவிட்டான். பூஜை போடுகிறவனை ஐந்து மாதமாகக் கிண்டல் செய்த பகுத்தறிவாளி, திறந்தது பத்தரையிலிருந்து பதினொன்றரைக்குள், நல்ல நேரத்தில்.

சந்தனமாரி தன் பதிவைத் தேடி எடுத்துக் காட்டினாள். 'எட்டாம் நம்பர் பிரஸ்ல சென்சார் வயர கழட்டி வச்சிருக்காவ. ப்ரொடக்‌ஷன் குறையுதாம். கை உள்ள இருந்தாலும் இறங்குது. பயமா இருக்கு.' வார்த்தை மாறவில்லை. ஆனால் எழுதியவர் செந்தாமரை என்று இருந்தது. தேதி அக்டோபர் ஒன்று. சந்தனமாரிக்குக் கை போய் ஒரு மாதம் கழித்து, லீவு நாளில், வார்டன் எழுதியது. மேலேயும் கீழேயும் பார்த்தாள். ஆறு வருஷத்துப் பெண்கள் எழுதியது அத்தனையும் செந்தாமரை ஒருத்தியே ஆயுத பூஜையன்று உட்கார்ந்து எழுதியதாக இருந்தது.

ரெண்டு பேரும் ஷேர் ஆட்டோ பிடித்து வல்லத்தில் அருள்பாண்டியின் அறைக்குப் போனார்கள்.

"வாங்கக்கா, உங்களத்தான் தேடிட்டிருந்தேன்" என்றான் அவன். உட்காரக்கூடச் சொல்லவில்லை. "நானூத்திப் பன்னெண்டு கள்ள ஐடி வச்சிருந்துருக்கியளே, ஒரு நியாயம் வேண்டாமா?"

"இன்னா தம்பி கள்ள ஐடி?"

"எல்லாத்துக்கும் ஒரே மெயிலு. நெக்ஸ்டாக் என்ன போர்டுகிங் மாதிரி கண்ண மூடிக்கிட்டா இருக்கும்? ஒரு மெயிலுன்னா ஒரு ஆளு. எல்லாத்தையும் சேத்து ஒண்ணாக்கிட்டு. அதுக்குள்ள அறிவப் பாருங்க! ஆனா என் மன்றத்துல லேடீஸ் எண்ணிக்கை ஒண்ணுன்னு காட்டுது. பாபு கோஷ்டி சிரிக்கானுவ."

சந்தனமாரி கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். அதை அவன் இன்னும் பார்க்கவில்லை. செந்தாமரை விஷயத்தைச் சொன்னபிறகு பார்த்தான். ஒரு கணம் முகம் வாடியது. உடனே தெளிந்துவிட்டது.

"தேதிதானக்கா? பக்கத்த நகல் எடுக்கையில தேதி வரல. அதுக்கென்ன, ஒரு நிமிச வேலை. என்ன தேதி வேணும்னு சொல்லுங்க, போட்டுருவோம்."

"நான் சொல்ற தேதிய நீ போடுவியா?"

"எந்தத் தேதின்னாலும். நெக்ஸ்டாக்ல அந்த வசதி இருக்கு."

"அப்போ அதுக்குப் பேரு சாட்சியா, தம்பி? நாளைக்கு அந்த மேனேஜர் வந்து கேட்டா அவனுக்கு ஒரு தேதி போட்டுக் குடுப்ப."

அருள்பாண்டிக்கு இது அவமானமாகப் பட்டது, தனக்கில்லை, நெக்ஸ்டாக்குக்கு. வசதி இருப்பது குற்றமா என்று கேட்டான். செந்தாமரை படி இறங்கினாள்.

பாபு கடையில் இழவு வீட்டு முகத்தோடு உட்கார்ந்திருந்தான். மேசைமேல் கம்ப்யூட்டர், காய்ந்த மாலையோடு.

"டிஸ்க்கு நல்லாதான் கீதுக்கா" என்றான். "வேற மிசின்ல மாட்னா ஓடும். தேதி, பேரு எல்லாம் அப்டியே கெடைக்கும்."

"மாட்டுடா, புண்ணியமா போவும். செவ்வாக்கெழமை விசாரணை."

"மாட்றேன். ஆனா நீ எனக்கு ஒண்ணு பண்ணணும். உன் பின்னால நானூறு பொம்பளைங்க கீறாங்க. நீ அவன் மன்றத்துல போயி, எல்லாரும் பாக்க, பெண்கள் பகுதி போர்டுகிங்க உட்டு எங்கியும் போவாதுன்னு எழுது. அது அங்க நிக்கட்டும். நான் இங்க டிஸ்க்க மாட்றேன்."

"ரெண்டு வெரலு பூட்ச்சிடா இந்தப் பொண்ணுக்கு."

"தெரியிது. எனக்கும் மனசு கஷ்டமாதான் கீது. ஆனா அஞ்சு மாசமா என்னை இன்னா பேச்சு பேசினானுங்கோ. நீயுந்தான் பேசின, முடி இல்லன்னு."

பன்றியோடு சேர்ந்தால் கன்றும் என்று ஏதோ சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அங்கேயே நின்றபடி போனை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பாபு சொன்ன வார்த்தையை அப்படியே அருள்பாண்டியின் மன்றத்தில் எழுதினாள். 'பெண்கள் பகுதி போர்டுகிங்கை விட்டு எங்கும் போகாது.' வாழ்நாளில் அவள் எழுதியதிலேயே கேவலமான வரி. பாபு அதைத் தன் போனில் ரெண்டு தடவை படித்தான், கண் கலங்கிவிட்டது அவனுக்கு. ஸ்க்ரூ டிரைவரைத் தேட எழுந்தான்.

அவன் அதைக் கண்டுபிடிப்பதற்குள் அங்கே பதிவு காணாமல் போய்விட்டது. அருள்பாண்டி அழித்துவிட்டான். அழித்ததோடு விடாமல் செந்தாமரை என்ற உறுப்பினரை மன்றத்திலிருந்தே விலக்கிவிட்டான். அவள் ஒருத்தி இல்லையே, அந்தப் பெயருக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். நாலாம் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தவள், லைனில் நின்றுகொண்டிருந்தவள், கல்யாணமாகி ராமநாதபுரத்தில் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தவள், அத்தனை பேரையும் ஒரே தட்டில் வெளியே தள்ளினான். யாரைத் தன் கட்சிக்கு இழுக்க இத்தனை பாடுபட்டானோ அவர்கள் அத்தனை பேரையும்.

"காணோமே அது" என்றான் பாபு, போனைப் பார்த்து. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "அது நிக்கணும்க்கா. நின்னாதான்."

"நீயெல்லாம் சோத்துலதான் உப்பு போட்டு துன்றியா?" என்று செந்தாமரை கத்த ஆரம்பித்த அதே நேரம் அவள் போன் கூவியது. மெயில். 'உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.' கூடவே இன்னொரு அறிவிப்பு, மெயில் பெட்டி நிறையப்போகிறது, உடனே அழியுங்கள் என்று. அதை அவள் அஞ்சு வருஷமாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் விரல் நின்றது.

பெட்டியைத் திறந்தாள். பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். தேடும் இடத்தில் 'எட்டாம் நம்பர் பிரஸ்' என்று அடித்தாள். வந்து கொட்டியது. அந்த திரெட்டில் எழுதியிருந்த பெண்கள் முப்பத்தேழு பேர். ஆளுக்கொரு நகலாக, முப்பத்தேழு மெயில். ஒன்றைத் திறந்தாள். எழுதியவர் சந்தனமாரி, ஆகஸ்ட் பன்னிரண்டு, காலை ஒன்பது ஐம்பத்திரண்டு. யாரும் மாற்றமுடியாத தேதி.

செந்தாமரைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சந்தனமாரியைக் கட்டிக்கொண்டாள். பிறகு பாபுவைப் பார்த்துத் திரும்பினாள்.

"உன் டிஸ்க்கும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம். அந்த மாலைய நீ கழுத்துல போட்டுக்கோ. உன்னையும் அவனையும் ஒரே கயித்துல கட்டி செம்பரம்பாக்கம் ஏரில உட்டா மதகு தொறந்தாகூட ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம்தான் நீந்துவீங்க."

செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். இஸ்திரி போட்ட சட்டையோடு புருஷோத்தமன் எதிரே உட்கார்ந்திருந்தார். அதிகாரி, கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"பிரிண்ட் யார் வேணும்னாலும் அடிக்கலாம். போன்ல காட்டுங்க."

செந்தாமரை போனைத் திறந்து மேசைமேல் வைத்தாள். அதிகாரி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். தேதியைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"இவங்க எழுதினது உங்களுக்கு எப்படி வந்தது?"

"அதுங்களுக்கு அதுங்க மெயில் தெரியாது, மேடம். எல்லாருக்கும் என்னோடதைக் குடுத்திருந்தேன்."

புருஷோத்தமன் எட்டிப் பார்த்தார். கெட்டிக்காரர். ஒரே பார்வையில் அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

"மேடம், ஒரு நிமிஷம். இதெல்லாம் தடிச்ச எழுத்துல இருக்கு. அப்படின்னா திறந்தே பாக்கலைன்னு அர்த்தம். முப்பத்தேழுல ஒண்ணுதான் திறந்திருக்கு." செந்தாமரை பக்கம் திரும்பினார். "அந்த ஒண்ணை எப்பம்மா திறந்தீங்க?"

செந்தாமரை போனைப் பார்த்தாள். "வெள்ளிக்கெழம."

"எந்த வெள்ளிக்கிழமை?"

"இப்ப போன வெள்ளிக்கெழம."

"கேட்டுக்கோங்க மேடம். எங்க லேபர் தங்குற ஹாஸ்டலுக்கு வார்டன் இவங்க. வயரைக் கழட்டி வச்சிருக்குன்னு ஆகஸ்ட் பன்னெண்டாம் தேதியே முப்பத்தேழு தடவை இவங்களுக்குத் தகவல் வந்திருக்கு. வாயைத் திறக்கல. இவங்க ஒரு போன் பண்ணியிருந்தா அன்னிக்கே அந்த வயரை மாட்டியிருப்போமே! அலட்சியம் எங்களோடதா, இவங்களோடதா?"

அதிகாரி பேனாவைத் திறந்தாள்.

"மாட்டியிருப்பீங்களா?"

"கண்டிப்பா, மேடம்."

"அப்ப வயர் கழண்டுதான் இருந்துச்சு. மெஷின்ல கோளாறே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்ப நீங்க சொன்னதை எழுதிக்கறேன், கீழே கையெழுத்துப் போடுங்க."

புருஷோத்தமன் இருமினார். தண்ணீர் கேட்டார். தான் சொன்ன அர்த்தம் வேறு என்றார். அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது அந்த அறையில் அன்றைக்குக் கண்ணெதிரே நடந்தது. சந்தனமாரியின் பேரில் இருந்த 'அலட்சியம்' என்ற வார்த்தை அடிக்கப்பட்டது. விபத்து மெஷினால் என்று பதிவாயிற்று. வேலையிலிருந்து எடுக்கக்கூடாது என்றும் சேர்த்து எழுதினாள்.

ஜெயித்துவிட்டார்கள். வெளியே வந்ததும் செந்தாமரையின் போன் இடைவிடாமல் அடித்தது. பாபு, விஷயம் எப்படியோ தெரிந்து, போர்டுகிங் அனுப்பிய மெயில்தான் நீதியைக் காத்தது என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். கட்டுப் போட்ட கையோடு அந்தப் பெண்ணின் போட்டோ ஒன்று வேண்டுமாம், பேனருக்கு. அருள்பாண்டி விடுவானா, நெக்ஸ்டாக் முடக்கியதால்தான் மெயில் பெட்டியே திறந்தது என்று அவன் ஒரு பக்கம். கேவலம் என்னவென்றால் ரெண்டும் உண்மை. வேறொரு நாளாக இருந்தால் செந்தாமரை ரெண்டு பேரையும் நார் நாராகக் கிழித்திருப்பாள். அன்று போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். சந்தனமாரி ஜன்னல் ஓரம். செந்தாமரைதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"அந்தாளு சொன்னத மனசுல வெச்சிக்காதடி."

"இல்லக்கா."

"சூப்பர்வைசர்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே நீ. அதுல எழுதிக்கினு இருந்தியே."

சந்தனமாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் செந்தாமரை தாங்கியிருப்பாள்.

"அவர்ட்ட சொன்னா நாளைலருந்து வராதன்னுருவாருக்கா. அதாம் அதுல எழுதுனேன். நான் சேந்த அன்னைக்கு நீங்கதானக்கா சொன்னிய, நீ என்ன எழுதுனாலும் எனக்கு வந்துரும்னு. அக்காவுக்கு வந்துருக்கும், பாத்துருப்பாவ, யார்ட்டயாவது சொல்லிருப்பாவ, இன்னைக்கு சரி பண்ணிருவாவ, நாளைக்கு சரி பண்ணிருவாவன்னு மூணு வாரம் அந்த மெஷின்லயே நின்னேன்."

சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்டக்டர் வந்தார். செந்தாமரை ரெண்டு ஒரகடம் என்றாள்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பது ஐம்பத்திரண்டுக்குத் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு அந்தக் கட்சிச் சண்டையில் அவள் பதினொரு பதிவு எழுதியிருந்தாள். நானூறு பேர் சிரித்த நாள் அது. பதினொன்றும் வரி தப்பாமல் இப்போது ஞாபகத்துக்கு வந்தன.